தகரப் படகில் ஒரு சுற்று

படகு குளத்தின் நடுவுக்கு வந்தபோது தாஹிராவின் குதிகாலில் ஜில்லென்று பட்டது.

குனிந்து பார்த்தாள். தகரத்தின் மூட்டில் ஓர் ஓட்டை. கொத்தமல்லி விதை அளவுதான்.

முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் ஜகபர் அலிக்கு அது தெரியாது. பதினாறு மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, தட்டி நிமிர்த்தி, ஈயத்தால் பற்றவைத்து ஆறு மாதமாக அவன் செய்த படகு. பட்டறையில் வாளியும் புனலும் செய்தது போக மிச்ச நேரமெல்லாம் இதற்குத்தான் போனது.

அறுபத்திமூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் செட்டிகுளம் மேல்படி வரைக்கும் நிறைந்திருந்தது. ‘தகரத்துல படகா?’ என்று கேலி செய்த கடைத்தெரு ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கரையில் நின்றார்கள்.

அவர்களுக்கு முன்னால் தாஹிராவின் அண்ணன் பீர் முகமது. காலடியில் அவளுடைய டிரங்குப் பெட்டி. பதினோரு மணி பஸ்ஸில் அவளை ஊருக்கு அழைத்துப் போக வந்திருந்தான்.

“பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது மச்சான். ஒரே ஒரு சுத்து” என்று ஜகபர் அலி கெஞ்சினான். பீர் முகமது பதில் சொல்வதற்குள் தாஹிரா படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது ஓட்டை.

அவள் சொல்லவில்லை. குதிகாலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தண்ணீரில் விழுந்திருந்த ராஜகிரி மலையின் நிழலைக் கலைத்துக்கொண்டு படகு போனது. “எப்படிப் போவுது பாத்தீங்களா!” என்று ஜகபர் அலி கரையைப் பார்த்துக் கத்தினான்.

இரண்டாவது ஓட்டை. இடது கால்.

மூன்றாவது, பக்கவாட்டில். உள்ளங்கையால் பொத்தினாள்.

நாலாவது ஒரு சாண் தள்ளி இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்து, அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

ஐந்தாவதுக்கு வைக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

முதுகுக்குப் பின்னால் ‘கிளுக்’ என்று ஒரு சத்தம். தகரம் விட்டுப்போகிறது என்று பயந்து ஜகபர் அலி திரும்பினான்.

கையையும் காலையும் தவளை மாதிரிப் பரப்பிக்கொண்டு, சேலையெல்லாம் நனைந்து, கண்ணில் நீர் வழிய தாஹிரா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் தண்ணீரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். துடுப்பு கை நழுவிப் போனது. அவனுக்கும் சிரிப்பு பீறிட்டது.

இருவரும் குலுங்கக் குலுங்கப் படகும் குலுங்கி, இரண்டு பக்கமும் தண்ணீரை மொண்டது. சிரித்தபடியே கைகளால் தண்ணீரைத் தள்ளிப் படகைக் கரைப்பக்கம் கொண்டுவந்தார்கள். படிக்கு நாலு முழம் இருக்கும்போது படகு அவசரமே இல்லாமல் அவர்களுக்குக் கீழே இறங்கிப் போனது.

இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். கரை முழுக்க விசில்.

பீர் முகமது பெட்டியைத் தூக்கினான். “வாம்மா, துணி மாத்திக்க. பஸ் வந்துடும்.”

“நீ போ அண்ணே. நான் இங்கயே இருக்கிறன். அஞ்சு ஓட்டைய நான் பாத்துட்டேன், இன்னும் எத்தினி இருக்குதோ. எல்லாத்தையும் அடைக்கணும்.”

ஜகபர் அலி சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

நிக்காஹ் ஆகிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவன் எதைக் கேட்டாலும் அவள் தலையை மட்டும் அசைத்தாள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று யாரோ ஊருக்குச் சொல்லியனுப்பித்தான் அண்ணன் வந்திருந்தான்.

நிக்காஹ் அன்றுகூட, பெண்ணுக்கு வக்கீலாக நின்ற தாய்மாமன்தான் உள்ளே போய்ச் சம்மதம் கேட்டுவந்து சபையில் சொன்னார்.

அவள் குரலை அவன் இப்போதுதான் கேட்கிறான்.

கொஞ்சம் கட்டைக் குரல்.