வலது முன்னங்கால் முத்திரை

காட்டு ஆஸ்பத்திரியில் யானைதான் டாக்டர். கொக்கு அவருக்கு உதவியாளர். முள் எடுப்பதில் கொக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனாலும் டாக்டர் தன் வலது முன்னங்காலை இலையில் அழுத்தி முத்திரை வைக்காமல் அது யார்மேலும் அலகு வைக்கக் கூடாதென்று விதி. விதியை எழுதியவரும் டாக்டரேதான். அவர் ஆற்றில் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருக்க, காலில் முள்ளோடு முயல் காலையிலிருந்து துடித்தது. கொக்குக்கு மனசு கேட்கவில்லை; ஆனால் வேலை போய்விடுமே என்று அலகை மூடிக்கொண்டு நின்றது.

மத்தியானம் டாக்டர் நொண்டிக்கொண்டே வந்தார். வலது முன்னங்காலில் விரல் நீளக் கருவேல முள்.

"சீக்கிரம் பிடுங்குய்யா, உயிர் போகுது!"

கொக்கு பணிவாக ஓர் இலையை விரித்தது. முயல்கூட அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது.

"இதோ ஆச்சுங்கய்யா. முதல்ல முத்திரையை மட்டும் நல்லா அழுத்தி வச்சிடுங்க."