சிஸ்டர் வாய்க்கு ஒரு மெமோ

"ஏங்க, இது வார்டா, உங்க மாமனார் வூடா? தூணு மாதிரி நடுவுல நிக்கிறீங்க! போங்க வெளிய!"

குழந்தைங்க வார்டுல சிவசங்கரி சிஸ்டர் போட்ட சத்தத்துல, அழுதுக்கிட்டிருந்த புள்ளைங்க கூட அழுகைய நிறுத்திட்டு வேடிக்கை பாத்துச்சுங்க.

கொளஞ்சி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய போனாரு.

அவரு பொண்டாட்டி பிரபாவுக்கு சுர்ருன்னு ஏறுச்சு. ஆனா மடியில அஞ்சு வயசு பாரி. நெஞ்சுச் சளி. தெனம் ஒரு ஊசின்னு அஞ்சு நாளைக்கு.

"பாரி சார், ரெடியா?" சிஸ்டர் கொரலு இப்ப வெல்லப்பாகு.

"ரெடி! எங்கப்பா இருபது ஊசி சிரிச்சிக்கிட்டே போட்டுக்கிட்டாரு, தெரியுமா?"

"அடேங்கப்பா! அப்ப நீயும் சிரி பாப்போம்!"

பய சிரிச்சி முடிக்கிறதுக்குள்ள ஊசி முடிஞ்சிடுச்சு.

ரெண்டாம் நாளு.

"மறுபடியும் வந்துட்டீங்களா? ஃபேன் காத்து மொத்தத்தையும் நீங்களே வாங்கிக்கிட்டா புள்ளைங்களுக்கு? வெளிய!"

மூணாம் நாளு. கொளஞ்சி ஒத்தக் காலத்தான் உள்ள வெச்சாரு.

"அந்த மீசையப் பாத்து எதுத்த பெட்டு பாப்பா பால் குடிக்க மாட்டேங்குது! வெளிய!"

வார்டே கொல்லுன்னு சிரிச்சிடுச்சு. பாரியும்தான். பிரபா சிரிக்கல.

ஊசி முடிஞ்சதும் புள்ளைய பக்கத்து பெட்டு அம்மாகிட்ட விட்டா. புருசன் கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு நேரா பெரிய டாக்டரம்மா ரூமுக்குப் போயிட்டா.

"வுடு பிரபா, போவட்டும்..."

"எதுக்கு வுடணும்? செராமிக் சூளையில தீ முன்னாடி நிக்கிற மனுசன் நீங்க! மொதலாளியே 'கொளஞ்சிண்ணே'ன்னுதான் கூப்புடுறாரு. மூணு நாளா இவங்க வாய்க்கு வந்தபடி பேசுவாங்க, நாம கேட்டுக்கணுமா?"

டாக்டரம்மா சிஸ்டரக் கூப்புட்டாங்க.

"இவரத் திட்டுனியாம்மா?"

"ஆமா மேடம்."

"ஏன்?"

"வார்டுல கூட்டமா இருந்துச்சு மேடம்."

"ஒத்த ஆளு ஒனக்குக் கூட்டமா?"

சிஸ்டர் கொளஞ்சியப் பாத்தாங்க. கொளஞ்சி அண்ணாந்து ஃபேனப் பாத்தாரு.

"சரி, மெமோ தரேன். நாளையிலேர்ந்து நீ வார்டுக்குப் போவ வேணாம். ஓ.பி.யில ஒக்காந்து சீட்டு எழுது."

டாக்டரம்மா மெமோவ எழுத ஆரம்பிச்சாங்க. சிஸ்டர் மொகம் சுருங்கிப் போச்சு. "மேடம், பாரிக்கு இன்னும் ரெண்டு ஊசி இருக்குது. அத மட்டும் நானே போட்டுட்டுப் போயிடறேன். பய என்கிட்ட பழகிட்டான்."

கொளஞ்சியால அதுக்கு மேல தாங்க முடியல.

"டாக்டரம்மா... திட்டுனது சிஸ்டருதான். திட்டச் சொன்னது நானு!"

"என்னது?"

"ஊசியப் பாத்தாலே எனக்கு கண்ணக் கட்டிடுமுங்க. புள்ளைய சேத்த அன்னிக்கி, ஊசி டப்பாவ தூரத்துலேர்ந்து பாத்தே வராண்டாவுல வுழுந்துட்டேன். சிஸ்டருதான் தண்ணி தெளிச்சி எழுப்புனாங்க. இருபது ஊசி சிரிச்சிக்கிட்டே போட்டுக்கிட்டேன்னு நான் வுட்ட கதைய நம்பித்தான் பாரி தைரியமா கையக் காட்டுறான். நானா வெளிய ஓடுனா, பயத்துலதான் ஓடுறேன்னு கண்டுபுடிச்சிடுவான். அதான், வெரட்டி வுட்டுடுங்கன்னு நான் கையெடுத்துக் கும்புட்டேன்."

"மீசையப் பத்தி?"

"அது... சிஸ்டரு சொந்தமா சேத்துக்கிட்டதுங்க."

டாக்டரம்மாவுக்கு சிரிப்ப அடக்க முடியல. எழுதுன மெமோவ நாலாக் கிழிச்சாங்க.

பிரபா புருசன ஏற எறங்கப் பாத்தா. அப்புறம் சிஸ்டர் கையப் புடிச்சிக்கிட்டா.

"பாரிக்கு இது தெரிய வேணாம் சிஸ்டர். நாளைக்கு நீங்க ஊசிய மட்டும் கவனிங்க... திட்டுற வேலைய எங்கிட்ட வுட்டுடுங்க!"