வாசல் அறிந்த முகம்

அப்பாவின் காரியம் முடித்து, தலையும் மீசையும் மழித்துத் திரும்பிய ஞானவேலை அடுக்ககத்தின் வாசல் உள்ளே விடவில்லை. முகம் பார்த்துத் திறக்கும் கதவு அது. "முகம் பொருந்தவில்லை" என்று மறுபடி மறுபடி அதே பெண்குரல்.

"ஏன்யா, உனக்குமா என்னைத் தெரியல?"

"எனக்குத் தெரியுது சார், அதுக்குத் தெரியணுமே! சாவியெல்லாம் அசோசியேஷன்ல வாங்கிக்கிட்டாங்க" என்று காவலாளி மருதையா கையை விரித்தார்.

மொட்டைத் தலையில் வெயில் சுட்டது. ஆத்திரத்தில் கதவை ஓங்கி உதைத்தான். மாலை போடுவதற்காக ஸ்டுடியோவில் பெரிதாக்கி வாங்கிவந்த அப்பாவின் படம் கக்கத்திலிருந்து நழுவ, பதறிப்போய் இரு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம், தணிகாசலம். உள்ளே வாருங்கள்."

கதவு அகலத் திறந்தது. மருதையா தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார். அப்பாவுக்கு முன்னால் நுழைய ஞானவேலுக்குக் கால் எழவில்லை.