வாசலில் ஒரு ஜோடி

சங்கரபாண்டி போட்ட ஆட்கொணர்வு மனுவுக்காக, வெறுங்காலோடு வீட்டைவிட்டுப் போன அவர் மகளைப் போலீசார் உயர் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். "யார்கூடம்மா போறீங்க?" என்று கேட்டார் நீதிபதி. "வீட்டுக்காரர்கூட." வயது வந்தவள், விருப்பம்போல் போகலாம் என்று மனுவை முடித்துவைத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் சங்கரபாண்டி பையைத் திறந்து, அவளுடைய பழைய செருப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "ஒன்னோடது." அவள் போட்டிருந்த புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டாள். புருஷன் பின்னால் படியிறங்கிப் போனாள். கிடந்த புதுச் செருப்பை அவர் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அதை வீட்டு வாசலில் விட்டார். எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "மக வந்துட்டாளாண்ணே?"

அவர் குனிந்து, செருப்பின் முனை வீட்டைப் பார்த்திருக்கும்படி திருப்பி வைத்தார்.