பஞ்சரே ஆகாத டயர்

மழைக்காலத்திலும் ஆபீசுக்குச் சைக்கிளிலேயே போகிற தணிகாசலம், கடையில் இருந்ததிலேயே தடித்த டயராகப் பார்த்து வாங்கிப் பின்சக்கரத்தில் மாட்டினார். அதன் மேல் 'பஞ்சர் ஆகாது' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த பழைய டியூபுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"இனி நீ காலை நீட்டிப் படு. எதுவும் என்னைத் தாண்டி வராது," என்றது டயர்.

அந்த வாரமே ஒரு கருவேல முள் டயரில் ஏறி, நுனியை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு தங்கிவிட்டது.

"அண்ணே, ஏதோ குத்துது," என்றது டியூப்.

"உன் தோல் மெலிசு. உனக்குக் காத்துப் பட்டாலே குத்தும்."

காற்று இறங்கியது. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கி, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினார். எந்த டயரானாலும் உள்ளே விரலை ஓட்டி முள்ளைத் தேடுகிற மனுஷன், இதன் மேல் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்து மூன்று தடவை காற்று இறங்கியது; மூன்று தடவையும் இதே கதைதான். கடைசியில், "டயர் இரும்பு மாதிரி இருக்கு சார். டியூப்தான் சரியில்ல," என்று அதைக் கழற்றி, வாராக நறுக்கி, சாப்பாட்டு டப்பாவைக் கேரியரில் கட்டிக்கொள்ளக் கொடுத்துவிட்டார்.

கேரியரில் கிடந்தபடி பழைய டியூப் கேட்டுக்கொண்டிருந்தது.

"முன்னாடி இருந்தது நோஞ்சான்," என்று புது டியூபிடம் சொன்னது டயர். "நீ பயப்படாதே. எதுவும் என்னைத் தாண்டி வராது."

"சரிண்ணே. பக்கத்துல கூர்மையா ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவர் யாரு?"

"அவரா? அவர் நம்ம ஆளு."