இன்னொரு கம்பளி

பொழுது விடிகிறது. ரயிலின் படுக்கைப் பெட்டியில் அட்டெண்டர் ஒவ்வொரு படுக்கையாக மடக்கி இருக்கையாக்கிக்கொண்டே வருகிறார். கடைசித் திரையை விலக்கியதும், மனைவியை வைத்தியத்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் கணவன் உதட்டில் விரலை வைக்கிறான். "ராத்திரி பூரா இருமினா. இப்பத்தான் கண்ணசந்தா, எழுப்பாதீங்கண்ணே." சன்னல் வழியே இளவெயில் நேராக அவள் முகத்தில் விழுகிறது, இமை அசையவில்லை. பெட்டி குலுங்கும்போது மட்டும் தலை இப்படியும் அப்படியும் ஆடுகிறது. அட்டெண்டர் தலையணையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, அவள் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்க்கிறார்; மூச்சு படவில்லை. "கை ரொம்பச் சில்லுனு இருக்கு. இன்னொரு கம்பளி கிடைக்குமா?" என்கிறான், அவள் விரல்களைத் தேய்த்துவிட்டபடி. அட்டெண்டர் கம்பளியைக் கொண்டுவந்து கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டு, திரையை இழுத்து மூடுகிறார். "நீங்களும் கொஞ்சம் சாயுங்க தம்பி. ஊர் வர இன்னும் நேரமிருக்கு."