மைனா பார்த்த நாக்கு

ஆற்றங்கரை மருத்துவமனையில் கொக்குதான் வைத்தியர். மூச்சுத்திணறல் நோய் பரவிய மழைக்காலத்தில் வெள்ளைப் பசுக்கள் பிழைத்தன. எருமைகள் மட்டும் செத்துக்கொண்டே இருந்தன.

"எந்நேரமும் சேற்றில் கிடந்தால் நான் என்ன செய்ய?" என்றது கொக்கு.

மூத்த கன்றைப் பறிகொடுத்த எருமை மூக்காயி, தன் முதுகில் வந்து உட்காரும் மைனாவிடம் சொல்லி அழுதது.

"காரணத்தை நான் கண்டுபிடிக்கிறேன், அக்கா" என்றது மைனா.

இதைக் கேள்விப்பட்ட கொக்கு மைனாவைக் கூப்பிட்டது. "இங்கேயே தங்கு. இரை தருகிறேன். எதைக் கண்டாலும் என்னிடம் மட்டும் சொல்."

"என் இரையை நானே தேடிக்கொள்வேன், ஐயா. கண்டதை எல்லோருக்கும் சொல்வேன்."

நோயுற்ற பசுக்கள், எருமைகள் எல்லோர் பக்கத்திலும் மைனா உட்கார்ந்து கவனித்தது. தோல் நீலம் பாரித்தால்தான் கொக்கு மருந்து கொடுத்தது. வெள்ளைத் தோலில் நீலம் தெரிந்தது. கறுப்புத் தோலில் தெரியவே இல்லை. நாக்கின் அடியிலோ இரு கூட்டத்துக்கும் ஒரே நீலம்.

அப்போது மூக்காயி தன் இளைய கன்றைத் தள்ளாடத் தள்ளாடக் கூட்டிவந்தது. கொக்கு தோலைப் பார்த்தது. "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ."

"நாக்கைத் தூக்கிப் பாருங்கள்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தியது மைனா.

கொக்கு எரிச்சலோடு அலகால் தூக்கியது. நாவற்பழ நிறம். அடுத்த கணம் கொக்கு மருந்தெடுக்க ஓடியது.

விடிந்ததும் கன்று எழுந்து தாய்மடியை முட்டிக் குடித்தது. வாசலில் வரிசையாக நின்றவர்களிடம் கொக்கே வந்து சொன்னது: "பசுவோ எருமையோ, முதலில் எல்லோரும் நாக்கைக் காட்டுங்கள்."

மூக்காயி கன்றை முன்னே விட்டு, நடுத்தெருவில் தலைநிமிர்ந்து நடந்தது.